உம்மாவுக்கென்று ஒரு மண் கேத்தல்

கட்டுகஸ்தோட்டையில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்றுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது நமது கண்டி மாவட்டத்திலேயே. ஹந்தானையில் அதற்கொரு நூதனசாலையும் உண்டு. ஆனால் அந்தத் தேயிலையை எந்தப் பாத்திரத்தில் ஊறவைக்கிறோம் என்று நாம் யோசிப்பதில்லை.

சீனர்கள் யோசித்திருக்கிறார்கள். ஜியாங்சு மாகாணத்தின் யிசிங் என்ற ஊரில், மிங் அரசர் காலம் முதல், ஊதா கலந்த ஒருவகைக் களிமண்ணால் சிறிய தேநீர்க் கேத்தல்களைக் கையாலேயே செய்து வருகிறார்கள். பல கேத்தல்கள் ஒருவர் குடிக்கும் அளவுதான். அவற்றை அடுப்பில் வைப்பதில்லை. தேயிலையைப் போட்டு, மேலே வெந்நீரை ஊற்றி ஊறவைக்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். பளபளப்புப் பூச்சு இல்லாததால் மண்ணின் நுண்துளைகளில் தேயிலையின் வாசம் மெல்ல மெல்ல ஏறிவிடும். அதனால் ஒரு கேத்தலுக்கு ஒருவகைத் தேயிலைதான். சவர்க்காரம் போடாமல், வெறும் வெந்நீரால் அலசி உலரவிடுவார்கள்.

இது நமக்குப் புதிய அறிவு அல்ல. எருமைத் தயிர் கட்டியாக இருப்பதற்கு, அதிலுள்ள தண்ணீரை மண்சட்டி உறிஞ்சிக்கொள்வதும் ஒரு காரணம். மீன் ஆணத்துக்கு மண்சட்டிதான் ருசி என்று உம்மும்மாமார் சும்மா சொல்லவில்லை. கொழும்பு வீதியில் கேகாலைக்கு அருகே மொலகொடவைக் கடக்கும்போது, வீதியோரக் கடைகளில் பானையும் சட்டியும் பூச்சாடியும் அடுக்கியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கைகளுக்குக் கேத்தல் செய்யும் திறமை இல்லையா?

அங்கேதான் என் கருத்து. நம் மலைத் தேயிலைக்கு நம் குயவர்களே ஒருவருக்கான சிறு மண் கேத்தல் செய்ய வேண்டும். நாம் அதை நியாயமான விலை கொடுத்து வாங்க வேண்டும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் சட்டி பானைக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. தயிர்ச்சட்டியையோ தயிர் முடிந்ததும் எறிந்துவிடுகிறோம். எறியப்படும் பொருளைச் செய்பவரின் பிள்ளை அந்தத் தொழிலுக்கு ஏன் வரவேண்டும்? ஒருவர் பல வருடம் பேணி வைத்துக்கொள்ளும் பொருளைச் செய்தால்தான் தொழிலுக்கும் மதிப்பு, கைக்கும் கூலி.

தடை ஒன்று உண்டு. யிசிங் கேத்தல் 1100 பாகை செல்சியஸுக்கு மேல் சுடப்படுகிறது. நமது விறகுச் சூளையின் வெப்பம் அதைவிடக் குறைவு. எனவே சாதாரண மண்ணில் செய்தால் தண்ணீர் கசியலாம். நல்ல சூளையும் பயிற்சியும் கிடைத்தால் இது தீரும். தேசிய அருங்கலைகள் பேரவை போன்ற நிறுவனங்கள் இருப்பது இதற்குத்தானே? அதுபோல, பால் ஊற்றினால் மண்ணில் வாடை பிடிக்கும். ஆனால் கண்டியின் தேயிலை நல்ல சாயமும் கனமும் உள்ளது. இலைத் தேயிலை ஒரு கரண்டி போட்டு, நாலு நிமிடம் ஊறவிட்டு, வெறுந்தேத்தண்ணியாகக் குடிக்க அதுவே போதும்.

“ஒருவருக்கு மட்டும் தேத்தண்ணியா? அது நம் பழக்கமா?” என்று சிலர் கேட்கக்கூடும். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பண்பு. அதற்குப் பெரிய கேத்தல் இருக்கட்டும். ஆனால் வாப்பாவுக்கு, நானாமாருக்கு, வந்தவர்களுக்கு எல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிஞ்சி ஆறிப்போன சாயத்தை அடுப்படியில் நின்றபடியே குடிப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் உம்மாதான். தனக்கென்று புதிதாக ஒரு கோப்பை ஊற்றுவது அவருக்கு வீண்வேலையாகத் தோன்றுகிறது. நாமும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

ஒருவர் அளவுள்ள கேத்தலில் இன்னொருவருக்குப் பங்கு கிடையாது. அதில் ஊற்றியவர் நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் உட்காரத்தான் வேண்டும். அதனால்தான் அந்தச் சின்னப் பாத்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தோழியரே, அப்படியொரு கேத்தல் நம் ஊர்க் கடைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று பின்னேரம் சின்னக் கோப்பை ஒன்றில் தேயிலையை ஊறவைத்து, “உம்மா, இது உங்களுக்கு மட்டும், உட்கார்ந்து குடியுங்க” என்று சொல்லிக் கொடுங்கள். வாப்பாமாரே, அடுத்த முறை மொலகொட வழியாக வரும்போது வண்டியை நிறுத்தி, “ஒருவருக்கு அளவாக ஒரு கேத்தல் செய்து தருவீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் செய்வதற்கும் ஆள் இருப்பார்.