பொங்கலுக்கு முன்பே கிளம்பும் பேரப்பிள்ளைகள்!

மார்கழி நெருங்கினால் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் சில வீடுகளின் பூட்டு திறக்கும். மாதக்கணக்கில் சாத்திக் கிடந்த ஜன்னல்கள் திறக்கும். ஆள் வைத்து ஒட்டடை அடிப்பார்கள், தண்ணீர்த் தொட்டி கழுவுவார்கள், மெத்தையை மொட்டைமாடியில் காயப் போடுவார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்: "என்ன, பாரிசுக்காரங்க வர்றாங்களா?"

சென்னை விமான நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கார் பயணம். இறங்கியதும் தாத்தா முதலில் கழற்றுவது குளிர்கோட்டை. பாரிசில் டிசம்பர் கடைசியில் விடிய காலை எட்டே முக்கால் ஆகிவிடும், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். மூட்டுவலிக்கார ஆயாவுக்கு அந்த இரண்டு மூன்று மாதங்களும் வீட்டுச் சிறைதான். இங்கேயோ திண்ணையில் வெயில், வாசலில் பேச்சுத்துணை, கூப்பிடு தூரத்தில் நாத்தனார் வீடு. குளிர்காலத்தை ஊரில் கழிப்பது இவர்களுக்கு உல்லாசப் பயணம் அல்ல. உடம்புக்கும் மனசுக்கும் அதுதான் மருந்து.

ஆனால் இந்த மருந்துக்கு அளவு உண்டு. தாத்தா பாட்டிக்கு ஒரு கணக்கு, பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் பல வீடுகளில் ஆண்டுதோறும் வரும் வருத்தம்.

'சொல்தா' வீடு வந்த கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரை 'சொல்தா' என்பார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழில் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'சொல்தா வீடு' என்றால் இன்றும் பல ஊர்களில் வழி சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பிரெஞ்சு உறவின் முக்கியமான திருப்பம் நடந்தது நகரத்தில் அல்ல, வில்லியனூரை அடுத்த கீழூரில். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தப்படி, இங்கே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். ராணுவ வேலையாகவும் பிற வேலையாகவும் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர முடிந்தது. ஆக, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஆன குடும்பங்கள் உண்டு. அண்ணன் வகையறா பாரிஸ் புறநகரில் வளர்ந்தது. தம்பி வகையறா வில்லியனூரிலேயே நின்று, அண்ணன் வீட்டுச் சாவியையும் சேர்த்து வைத்துக்கொண்டது.

விரல்விட்டு எண்ணும் நாள்கள்

வேலை பார்த்துச் சந்தா கட்டிச் சம்பாதித்த ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாலும் அந்தப் பணம் நிற்காது. உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேட்கும்போது கொடுத்தால் போதும். சிக்கல் அடுத்த வகையினருக்கு.

குறைந்த வருமானமுள்ள முதியோருக்குப் பிரான்ஸ் அரசு தரும் உதவித்தொகைக்கு 'ஆஸ்பா' என்று பெயர். வாழ்நாள் முழுக்க வீட்டு வேலையில் கழித்த, தனக்கென ஓய்வூதியம் சேராத பாட்டிகள் பலருக்குக் கைச்செலவுக்கு இருப்பது இதுதான். இதை வாங்குகிறவர் ஓராண்டில் 6 மாதங்களுக்கு மேல் பிரான்ஸில் இருந்தால் போதும் என்பது பழைய விதி. 2023 செப்டம்பர் முதல் அது 9 மாதங்களுக்கு மேல் என்று ஆகிவிட்டது. முன்பு ஐப்பசியில் வந்து பங்குனியில் போனவர்கள் இப்போது நாள்காட்டியில் பென்சிலால் கோடு போடுகிறார்கள்.

கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் டிசம்பர் 16-ல் வந்து பிப்ரவரி கடைசியில் திரும்புகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் 59 நாள், டிசம்பரில் 16 நாள், ஆக மொத்தம் 75 நாள். இதுவரை பிரச்னை இல்லை. ஆனால் அதே ஆண்டு ஆவணியில் தங்கை மகள் கல்யாணம் என்று மூன்று வாரம் வந்து போனால் 96 நாள் ஆகிவிடும். அங்கே எல்லை தாண்டிவிட்டது. கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்கும் கடிதம் வரக்கூடும். அதனால் கல்யாணப் பத்திரிகை வரும்போதே குளிர்கால டிக்கெட்டையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆண்டில் 6 மாதங்களுக்கு மேல் அங்கே வசிக்க வேண்டும். அந்தக் காப்பீட்டு அட்டையை நீட்டி இங்குள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெறவும் முடியாது. பயணக் காப்பீடு, தங்கும் நாள்களுக்கு வேண்டிய மாத்திரைகள், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு இந்த மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

பள்ளிக்கூடம் விடாத பண்டிகை

தாத்தா பாட்டியின் கணக்கில் பொங்கல் அடங்கிவிடும். பேரப்பிள்ளைகளின் கணக்கில் அடங்காது.

பிரான்ஸில் பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டே வாரம். ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். பொங்கல் வருவதோ 14 அல்லது 15-ல். வெள்ளையடித்து, புதுப்பானை வாங்கி, மஞ்சள் கொத்துக்குச் சொல்லிவைத்துப் பாட்டி காத்திருக்கும்போது பேரன் கிளம்பிப் போயிருப்பான். பொங்கல் பொங்கும் காலை 8 மணிக்குப் பாரிசில் அதிகாலை 3.30. வீடியோ கால் போட்டால் எடுப்பதற்கு ஆள் விழித்திருக்காது.

பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். நிறைய குடும்பங்கள் அப்போதுதான் வருகின்றன. ஆனால் தாத்தா பாட்டிக்கு மிச்சமிருக்கும் நாள்கள் குளிர்காலத்துக்கு என்று எடுத்து வைத்தவை. எனவே மூன்று தலைமுறையும் சொந்த ஊரில் ஒரே கூரையின் கீழ் இருப்பது டிசம்பர் கடைசியின் அந்த இரண்டு வாரம் மட்டும்.

இதற்கு வழி என்ன? "தை பிறக்காமல் பொங்கல் வைக்கக் கூடாது" என்று பெரியவர்கள் ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். பொங்கலை முன்னால் இழுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு மார்கழியைக் கொடுத்துவிடலாம்.

மார்கழி அவர்கள் மாதம்

விமானத்தில் வந்த பிள்ளைக்கு முதல் நான்கைந்து நாள் தூக்கம் பிடிபடாது. புதுச்சேரியைவிடப் பாரிஸ் கடிகாரம் நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நடுராத்திரி தாண்டியும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் பிள்ளையை அதட்டிப் படுக்க வைப்பதைவிட, ஐந்து மணிக்கு வாசலுக்கு அழைத்துப் போவது சுலபம். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகுவதற்குச் சின்ன விரல்கள் பொருத்தமானவை. கோலம் கோணலாக வந்தால் என்ன, தெரு முழுக்கப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு புள்ளி வைத்துக் கொடுக்கும்.

அப்படியே வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்கோ பாகூர் மூலநாதர் கோயிலுக்கோ ஒரு நடை. மார்கழி விடியற்காலைப் பூஜை முடிந்தால் கோயில்களில் தொன்னையில் சூடாகக் கொடுப்பது என்ன? பொங்கல்தானே! பண்டிகைக்கு இல்லாத பேரனுக்கு அந்த மாதம் முழுக்கப் பொங்கல் உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி, வீட்டில் கேக், பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு என்று விடுமுறையும் பண்டிகையும் ஒன்றாகவே வந்துவிடும். அந்தத் தட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயர் தெரியாத அத்தை, மாமாக்கள் எல்லாரும் ஒரே மாலையில் அறிமுகமாகிவிடுவார்கள்.

பாகூர்ப் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு பெருமையும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று பாரிஸ் வகுப்பில் கேட்டால், 1,100 ஆண்டுக்கு முந்தைய எங்கள் ஊர்க் கல்லூரி என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. டிசம்பர் இங்கே மழையும் புயலும் மிச்சமிருக்கும் மாதம். 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ல். 'ஃபெஞ்சல்' 2024 நவம்பர் 30 இரவு வந்தது. அப்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. டிக்கெட்டை டிசம்பர் நடுவில் போடுவது, வீட்டு மின்இணைப்பையும் கூரையையும் முன்னதாகவே சொந்தக்காரர் மூலம் பார்த்துவிடுவது, இரண்டும் செலவை மிச்சப்படுத்தும்.

பூட்டு, பத்திரம், பெட்டி

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது 'ஓ.சி.ஐ.' அட்டை இருந்தால் ஒவ்வொரு முறையும் விசாவுக்கு அலைய வேண்டாம், எத்தனை நாள் தங்கினாலும் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டாம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும், அவர்களின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் இந்த அட்டை பெற வழி உண்டு. புதுச்சேரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும் வரி அது. தாத்தாவின் பழைய பிறப்புப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொள்ளுப்பேரனுக்கு அதுதான் சாவி.

இந்த அட்டைக்காரர்கள் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதைத் தடுப்பதில்லை. பாகூர்ப் பக்கம் நஞ்சை வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கும் நாள்களிலேயே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அதே பாடம்தான். "அவன் பார்த்துக்குவான்" என்று தம்பியை நம்புவது வேறு, கிரயப் பத்திரத்தையும் பாகப்பிரிவினையையும் ஒழுங்காக எழுதி வைப்பது வேறு. இரண்டும் இருந்தால்தான் அடுத்த தலைமுறையில் உறவு மிஞ்சும்.

திரும்பும் பெட்டியில் என்ன போகும்? வடகம், மசாலாத்தூள், கருவாடு தாராளமாகப் போகும். சொந்த உபயோகத்துக்கு மீன் வகை 20 கிலோ வரை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. நெய்யும் பால்கோவாவும் போகாது, பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் தடை. பச்சைக் காய்கறி, கீரைகளுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். ஆக, பாட்டி ஆசையாகக் காய்ச்சிக் கொடுக்கும் நெய்யை இங்கேயே சாப்பிட்டுத் தீர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மாசி மகம் முடிந்ததும்...

பல வீடுகளில் மாசி மகம்தான் கடைசி நாள். வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சியில், சங்கராபரணிக் கரையில், தாத்தா தன் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுப்பார். மகம் மார்ச்சில் விழும் ஆண்டுகளில் நாள் கணக்கு இறுகிவிடும். அப்போது தை அமாவாசையோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள்.

கிளம்பும் நாளில் எல்லாரும் விமானத்தில் போகிறவர்களைத்தான் பார்த்து அழுகிறார்கள். ஊரிலேயே நிற்பவர்களையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இந்த மூன்று மாதமும் சமைத்துப் போட்டவர், மாத்திரைக்குக் கடைக்கு ஓடியவர், இனி மீதி மாதங்களும் அந்த வீட்டின் மின்கட்டணத்தையும் கிணற்று மோட்டாரையும் கவனிக்கப்போகிறவர் அவர்தான். வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் கொடுத்ததோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கென்று மாதாமாதம் ஒரு தொகை, அவருக்கு உடம்புக்கு முடியாதபோது ஒரு போன், அவர் மகளின் படிப்புக்கு ஒரு கை. இதெல்லாம் இருக்கும் வீடுகளில்தான் அடுத்த மார்கழியிலும் மெத்தை வெயிலில் காய்கிறது.

சாவி மறுபடியும் தம்பி வீட்டு ஆணிக்குப் போகிறது. பாட்டி நாள்காட்டியில் அடுத்த டிசம்பர் 16-ஐ இப்போதே வட்டமிட்டுவிட்டார். பேரனுக்கு மட்டும் ஒரு சேதி போயிருக்கிறது: "அடுத்த வருஷம் பூசணிப்பூ வைக்கிறது உன் வேலை. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."