காக்கையின் விண்ணப்பம்

கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் வாசஞ்செய்யும் காக்கையாகிய யான், மானிடப் பெருமக்கள் சமுகத்திற்குப் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வதாவது:

முதலாவது, அயலார் கொடுமை. அணிற்பிள்ளை, இராமபிரான் தன் முதுகைத் தடவிய கதையைக் கூறியே கொய்யாக்கனிகளைக் கவர்கின்றான். பூனையம்மாள் துறவிபோற் கண்மூடி, என் குஞ்சின்மீதே தியானஞ் செய்கின்றாள். பெண்குயில் என் கூட்டில் முட்டையிட்டுப் பறந்துவிடுகின்றாள். பிள்ளை வளர்ப்பவன் யான். கூவிப் புகழ் பெறுபவன் அவள் கணவன்!

மானிடரோ இவர்களினும் விந்தையர். அமாவாசையன்று அழைத்துச் சோறிட்ட கையே மறுநாட் கல்லெறிகின்றது. வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் எம் பண்பைப் போற்றினார். எம்மைப் பாடியதனால் ஒரு புலவர் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். கேரீத் ஆற்றண்டையில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுசென்றோர் எம் குலத்தாரே. இவற்றைக் கற்றோரும் எம்மை ‘எச்சில் பொறுக்கி’ என்று இகழ்வது முறையாமோ?

எம் தொழிற்றோழராகிய பாறுகள் மாட்டுப் பிணங்களைத் தின்று நாட்டைத் தூய்மை செய்துவந்தன. மாடுகளுக்கிட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து அவற்றுக்கு நஞ்சாயிற்று. 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் கால்நடைகளுக்கு அம்மருந்தை விலக்குமுன்னரே அவற்றுட் பெரும்பாலன மாண்டன.

துப்புரவு செய்வோரின் அருமை அவர் மறைந்தபின்னரே விளங்குமாயின், கற்ற கல்வியாற் பயன் யாது? பறவையாயினும் மனிதராயினும், உம் அழுக்கை அகற்றுவோரை இகழாதீர். சோறு குறையினுங் குறைக. கல் குறைதல் வேண்டும்.

இங்ஙனம்,
காக்கை.