மூக்கின் பின்வாசல்

தண்டையார்பேட்டையில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும் நாங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மணலிப் புகை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் கரித்தூள் என்றோம். 2011-ல் அது நின்ற பிறகும் பழி போட இடத்துக்குப் பஞ்சமில்லை. காற்று கெட்டிருப்பது உண்மைதான். ஆனால் எல்லா மூக்குக்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டுவது தவறு. இதை என் அக்கா பேத்தியிடம் கற்றுக்கொண்டேன்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்து வலது மூக்கில் மட்டும் கெட்டிச் சளி. சைனஸ் என்று சொல்லி வருடக்கணக்காக மாத்திரை. வீட்டில் நொச்சி ஆவி. பள்ளியில் 'சளிமூக்கி' என்ற பட்டம் வேறு. பதினாறாம் வயதில் ஒரு டாக்டர் பஞ்சுத் திரியை மூக்கருகே பிடித்தார். இடப்பக்கம் ஆடிய பஞ்சு, வலப்பக்கம் அசையவே இல்லை. ஸ்கேன் எடுத்ததில் விஷயம் வெளிவந்தது. மூக்கு தொண்டையோடு சேரும் பின்வாசல் பிறவியிலேயே எலும்பால் மூடியிருந்தது.

ஐயாயிரம் முதல் எட்டாயிரம் பிரசவங்களுக்கு ஒன்று இப்படி அமைகிறது. பெண் குழந்தைகளுக்கே அதிகம். ஒரு பக்க அடைப்பே அதிகம். வெறும் தோல் அடைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மூக்கின் நடுச்சுவரில் பின்பக்கம் 'வோமர்' என்றொரு மெல்லிய எலும்பு உண்டு. லத்தீனில் அதற்கு ஏர்க்கொழு என்று பொருள். இவர்களுக்கு அந்தக் கொழு பின்னால் தடித்திருக்கும். பக்கச் சுவர் எலும்பும் உள்நோக்கி நெருங்கியிருக்கும். பலருக்கு மேலண்ணமும் குறுகி உயர்ந்திருக்கும். ஆவியும் மாத்திரையும் எலும்பை என்ன செய்யும்?

ஒரு பக்கம் அடைத்தவர் காலம் தள்ளிவிடலாம். இரண்டு பக்கமும் அடைத்துப் பிறந்த குழந்தைக்கு அவகாசம் கிடையாது. பச்சிளங்குழந்தைக்கு வாயால் மூச்சுவிடச் சட்டென்று வராது. வாய் மூடினால் நீலம் பாயும். வீறிட்டு அழுதால் வாய் திறந்து மறுபடி சிவக்கும். பால் குடிக்கும்போது திணறும். நாமோ அழுகிற குழந்தையை அமர்த்தப் பார்க்கிறோம். இங்கே அழுகைதான் அதன் உயிர். 'அழும்போது நன்றாக இருக்கிறது, அடங்கினால் நீலமாகிறது' என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. குளிப்பாட்டும்போது மூக்கை நீவி எடுப்பதும், ஊதுவதும், எண்ணெய் விடுவதும் இந்த அடைப்பைத் தொடக்கூட முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் கெடுதல். கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாயைக் குத்திக் காட்டுவதும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடிக்க மெல்லிய ரப்பர் குழாயை மூக்கில் விட்டுப் பார்ப்பார்கள். அதன் கனத்தை '6 பிரெஞ்ச்' என்பார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கே ஸ்கேன் அறையில்தான் இது தெரிந்தது. பாரிஸில் மருத்துவக் கருவி செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவு அது. மூன்று பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர். அதாவது இரண்டு மில்லிமீட்டர் குழாய். அதுவும் வேண்டாமென்றால் குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியை மூக்கடியில் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா என்று தெரிந்துவிடும்.

என் கருத்து இதுதான். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்ரமத்தில் உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவி இதயக் கோளாறு எல்லாம் பெயரோடு உண்டு, இது இல்லை. பட்டியலில் ஏறாத விஷயம் கவனத்திலும் ஏறாது. முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு மூக்கும் பார்த்தாயிற்று என்று ஒரு வரி எழுதச் செய்தால் என்ன செலவு?

பேத்திக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலது மூக்கால் முதலில் அவள் முகர்ந்தது கருவாட்டுக் குழம்பு. முகத்தைச் சுளித்தாள். எங்களுக்கோ ஒரே சிரிப்பு.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருந்தால், மணலியைத் திட்டிவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.