இளையபெருமாளுக்கு மாலை போட்டாச்சு... அடுத்து?

சிதம்பரத்தில் எல்.இளையபெருமாள் நூற்றாண்டு நினைவு அரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதில் தப்பே இல்லை. ஆனால், அவர் என்ன செய்தார் என்று கேட்டால் 'பழைய காங்கிரஸ் எம்.பி., தலித் தலைவர்' என்பதோடு நம்மில் பலருக்குப் பேச்சு நின்றுவிடும்.

காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-ல் பிறந்தவர். 1952-ல் கடலூரிலிருந்து முதல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1965-ல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு இவர்தான் தலைவர். எங்கே என்ன நடக்கிறது என்று கேட்டு, எழுதி, 1969-ல் அறிக்கை கொடுத்தார்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 1970-ல் தமிழ்நாடு அரசு அந்த முறையை நீக்கிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது, இந்தப் பரிந்துரையையும் காரணமாகக் காட்டியது.

1955-ம் ஆண்டு தீண்டாமைச் சட்டத்தில் வெறும் அபராதத்தோடு தப்பிக்க வழி இருந்தது. 1976 திருத்தம், குறைந்தது ஒரு மாதச் சிறை என்று கறாராக்கியது. அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருந்ததும் இதே அறிக்கைதான். சுருக்கமா சொன்னா, நடந்ததை ஆவணமாக்கியதுதான் அவருடைய பெரிய போராட்டம்.

இப்போ அதே கடலூர் மாவட்டம், 2020. புவனகிரி பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார், மற்றவர்கள் நாற்காலியில். அக்டோபரில் அந்தப் புகைப்படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, கைது எல்லாம். அந்த அறையில் இருந்த யாருக்கும் அதுவரை அது செய்தியாகவே தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

'நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லை' என்று சொல்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வாடகை வீட்டுக்குப் போனால் 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்பது எதற்கு என்று நமக்குத் தெரியாதா என்ன? பதில் சொல்லி சாவி வாங்கிவிட்ட நமக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடுத்து வருகிறவருக்கு அங்கேயே கதவு மூடிவிடும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்றில்லை. பார்த்தவரும் போலீஸில் தகவல் கொடுக்கலாம். 'முதல்ல விசாரிக்கிறோம், அப்புறம் எஃப்.ஐ.ஆர்.' என்று இழுத்தடிக்க முடியாது. முதற்கட்ட விசாரணை தேவையில்லை என 2018 திருத்தமே சொல்கிறது. உதவிக்கு 14566 என்ற எண் இருக்கிறது.

தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள். இவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள். ஒரு வாரம் போனால் வார்த்தை மாறிவிடும். வீடியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் குரூப்பில் தட்டிவிடாதீர்கள். நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டியவர் அவர். புகாரைப் பதிவு செய்ததும் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கும் இதே சட்டத்தின் 4-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஸ்டேஷனுக்குப் போகும்போது அந்தப் பிரிவு எண் மனசுல இருக்கட்டும்.