ஆய்வுக்குப் பூட்டு போட உரிமை இல்லை

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்கு வரம்பு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வரம்பை எங்கே போடுவது என்று அந்நாட்டு மக்கள் வாதாடட்டும். ஆனால், துப்பாக்கியால் மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று ஆராய்வதையே முடக்கியது அநியாயம்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் அபாயம் கூடுகிறது என்று 1993இல் ஒரு மருத்துவ ஆய்வு கூறியது. அதற்கு நிதி தந்தது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தது. ஆய்வில் பிழை இருந்தால் மறு ஆய்வு நடத்தி நிரூபித்திருக்கலாம். நடந்ததோ வேறு. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட மையத்தின் நிதியைச் செலவிடக் கூடாது என்ற வரியை, ஆர்கன்சாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி 1996இல் சட்டத்தில் சேர்த்தார். கூடவே 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. துப்பாக்கி ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான அதே தொகை! மிரட்டல் பலித்தது. மையத்தின் துப்பாக்கி ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய நின்றேபோனது.

டிக்கியே பின்னர் மனம் மாறினார். அன்று எதிரணியில் நின்ற மருத்துவர் மார்க் ரோசன்பர்க்குடன் சேர்ந்து, ஆய்வு தேவை என்று 2012இல் நாளேட்டில் எழுதினார். சாலை விபத்து ஆய்வுகளால் கார்கள் ஒழியவில்லை, சாவுகள்தான் குறைந்தன என்ற அவர்களின் வாதத்துக்கு இன்றுவரை சரியான பதில் இல்லை.

2020 நிதியாண்டில்தான் துப்பாக்கி ஆய்வுக்கு மீண்டும் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள். மனம் உடைந்த அந்தச் சில நிமிடங்களில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? எந்தப் பூட்டு, எந்தப் பெட்டகம் பலன் தரும்? இதைக் கண்டறிவதால் யாருடைய துப்பாக்கியும் பறிபோகாது.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில், குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளின் தடம் அறியும் அரசு மையத்தின் நிலையும் பரிதாபம். மூடப்பட்ட கடைகளின் விற்பனைப் பதிவுகள் அங்கே கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. வாங்கியவர் பெயரைக் கொண்டு கணினியில் தேட முடியாது. கொலையில் சிக்கிய துப்பாக்கியின் தடம் அறிய, ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணினித் தேடலை எதிர்ப்பவர்களோ, பதிவேடு இருந்தால் அரசு ஒருநாள் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யும் என்று அஞ்சுகிறார்கள். ஹெல்லர் தீர்ப்பு இருக்கும்போது இந்த அச்சத்துக்கு என்ன அடிப்படை?

டிக்கி சேர்த்த வரியை அமெரிக்க நாடாளுமன்றம் அடியோடு நீக்க வேண்டும். ஆய்வு நிதியை ஆண்டுதோறும் நடக்கும் பேரத்திலிருந்து விடுவிக்க வேண்டும். மார்ட்டின்ஸ்பர்க் பதிவுகளைக் கணினியில் தேடவும் அனுமதிக்க வேண்டும்.