முகூர்த்தம் குறிச்சிட்டுப் பழைய வீட்ட ரிப்பேர் பண்ணாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வீடு வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, லோனுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கிறவங்க பொறுமையாப் படிங்க.

கோயில்ல தொண்டு செய்றதால, வீடு குடிபோற குடும்பங்கள் எங்ககிட்டதான் முதல்ல வருவாங்க. குருக்கள்கிட்ட நாள் கேக்கணும், ஹோமச் சாமான் லிஸ்ட் வேணும், வாழைமரத்துக்குச் சொல்லணும். வந்த உடனே கேக்குற கேள்வி, "அண்ணே, தை மாசத்துல நல்ல நாள் எது?" கூரை ஒழுகுதான்னு நாம திருப்பிக் கேட்டா, "அதெல்லாம் கொந்தரேக்டர் பாத்துக்குவார், அதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டார்"னு பதில் வரும்.

இந்த "அதுக்குள்ள"தான் பினாங்குல பல பழைய வீடுகளைக் கெடுக்குதுன்னு நான் சொல்றேன். கோபப்படாதீங்க. நாள் பாக்க வேணாம்னு சொல்லல. பழைய வீட்டுக்கு வேலை முடிஞ்ச பிறகு நாள் பாருங்க, நாளுக்காக வேலைய முடிக்காதீங்க. இதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர் மழைக் கணக்க முதல்ல பாருங்க. இங்க மழை அதிகமாப் பெய்யிறது செப்டம்பர், அக்டோபர். நவம்பர்லயும் விடாது. 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி வந்த புயல்மழையும் வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. நம்ம ஆளுங்க எப்படிச் செய்றாங்க? ஆடி, ஆவணி வாக்குல சாவி கைக்கு வரும். மார்கழி ஆகாது, அதனால தைக்கு நாள் குறிப்பாங்க. அப்போ வேலை நடக்குறது முழுக்க மழையில. சுவர் தண்ணிய நல்லாக் குடிச்சிருக்கிற நேரத்துல அது மேல சிமெண்டு பூசி, பட்டி போட்டு, பளபளன்னு சாயம் அடிச்சு முடிச்சிடுறாங்க. ஜனவரி, பிப்ரவரிதான் பினாங்குல சுவர் காயக்கூடிய மாசம். அந்த மாசத்துல நாம சுவர மூடிட்டு உள்ள உக்காந்து ஹோமம் வளக்குறோம்.

போருக்கு முந்தின வீடு, அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டின வீடு, இப்ப இருக்கிற தாமான் வீடு மாதிரி இல்ல. அதோட அடியில ஈரம் தடுக்குற தகடு, ஷீட் எதுவும் பெரும்பாலும் இருக்காது. ஜார்ஜ் டவுன்ல கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. அந்த ஓதம் செங்கல் வழியா மேல ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளிய போகும். ஏறுறதும் போறதும் சமமா இருக்கிற வரைக்கும் சுவருக்கு ஒண்ணும் ஆகாது. சிமெண்டு பூசினா போற வழி அடைபடுது. இடுப்பு உயரத்துல நின்ன ஈரம் தலை உயரத்துக்கு ஏறும். கூடவே உப்பும் ஏறும். உப்பு சுவருக்குள்ளயே பூத்து, செங்கல்ல மாவு மாதிரி உதிர வெச்சிடும். தரையில பழைய சிவப்பு ஓட்டுக்கல்ல எடுத்துட்டு சிமெண்டு போட்டு மொசைக்கோ கிரானைட்டோ பதிச்சா இன்னும் மோசம். தரை வழியாப் போன ஈரமும் சேந்து சுவரப் பாத்து ஓடும்.

எங்க தொண்டர் குழுவுல இருக்கிற ஒரு சின்ன வயசு ஜோடி. ஊழியர் சேமநிதிப் பணத்த எடுத்து, அம்மா நகைய வித்து, டத்தோ கிராமாட் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு வாங்கினாங்க. உள்டவுன்ல ஒரு ஷாப்ஹவுஸ் பத்து லட்சம் வெள்ளிய அசால்ட்டாத் தாண்டும், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இந்தப் பக்கம்தான். தைக்கு நாள் குறிச்சாங்க. வேலை எடுத்தவர், பேர் வேணாம், நாளுக்கு முந்தின வாரமே சாவியக் கொடுத்துட்டார். வீடு புத்தம் புதுசு மாதிரி இருந்துச்சு, போன எல்லாரும் பாராட்டினோம். சித்திரை வரதுக்குள்ள ஹால் சுவர்ல கொப்புளம். தொட்டா சாயம் தோலா உரியுது. ஆஸ்துமா இருக்கிற அம்மா அந்த ரூம்ல தூங்க முடியாம சமையல்கட்டுப் பக்கம் பாய் போட்டுப் படுத்தாங்க. கூப்பிட்டா அந்த ஆள் வந்து மறுபடி சாயம்தான் அடிச்சுட்டுப் போனார். கடைசியில சிமெண்டு பூச்ச முழுக்க உளியால கொத்தி எடுத்து, பல மாசம் சும்மா காய விட்டு, சுண்ணாம்புல பூசினாங்க. ஒரே சுவருக்கு ரெண்டு செலவு. லோன் தவணையும் நிக்கல.

சுண்ணாம்பு ஏன் அவங்களுக்கு முதல்லயே கிடைக்கலன்னா, சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. ஒரு பூச்சு இறுகி, அடுத்தது மேல வந்து, வெள்ளையடிக்கிற வரைக்கும் வாரக்கணக்காகும். காத்துல இருக்கிற கரியமில வாயுவ எடுத்துதான் அது கல்லா மாறுது. ஃபேன் போட்டு முடுக்க முடியாது. நாள் குறிச்சவங்ககிட்ட எந்த கொந்தரேக்டரும் சுண்ணாம்புன்னு வாயே திறக்க மாட்டார்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச பாரம்பரிய ஃபேஷன்னு நினைக்காதீங்க, நம்ம கைவேலைதான். இங்க இருக்கிற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818ல முடிஞ்சது, இந்தியாவுலேர்ந்து கொண்டுவந்த கைதிகளோட உழைப்பு. சிங்கப்பூர்ல 1862ல அர்ப்பணிச்ச செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இந்தியக் கைதிகள் கட்டினதுதான். அதோட சுவர்ப் பூச்சுக்குப் பேரே மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேத்து அடிச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணி விட்டுக் குழைச்சது. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகள்ல கண்ணாடி மாதிரி மின்னுற சுவரும் இதே குடும்பம்தான். நம்ம லீத் ஸ்த்ரீட் நீல மாளிகைய எடுத்துக்குங்க, சியோங் ஃபாட் ஸீ வீடு. 1989ல கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோவும் கூட்டாளிகளும் வாங்கினப்ப அது பாழடைஞ்ச நிலைமை. பல வருஷம் எடுத்துப் பழுது பாத்தாங்க, 2000ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது. அந்த நீலம் டின்ல வந்த சாயம் இல்ல. சுண்ணாம்புல அவுரி நீலம் கலந்தது.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பழக்கம் நம்மகிட்ட எதுக்கு வந்துச்சு? சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு உதிர்ற சாமான். வருஷம் ஒரு பூச்சு கொடுத்தா சுவர் நிக்கும். அப்போ தைக்கும் சுவருக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனா வருஷா வருஷம் ஒரு பூச்சு, ஒரே தையில எல்லாத்தையும் முடிக்கிறது இல்ல.

"கோயில்ல மட்டும் என்ன வாழுது"ன்னு சிலர் கேப்பீங்க. கேளுங்க, நியாயம்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம்னு முறை வெச்சதே பராமரிப்புக்குத்தான். அதுக்கு முன்னால பாலாலயம் செஞ்சு சாமிய வேற இடத்துல எழுந்தருளப் பண்ணி, வேலை நடக்குற வரைக்கும் காத்திருக்கிறோம். சாமிக்கே அந்தப் பொறுமை. ஆனா பத்திரிகை அடிச்சுட்டோம்னு கோபுரத்துல எனாமல் சாயம் ஈரமா இருக்கும்போதே கும்பம் ஏத்தின கோயில்களையும் பாத்திருக்கேன். தமிழ்நாட்டுல சுத்தம் பண்றோம்னு மணல வேகமா அடிச்சு, கல்வெட்டு எழுத்தையே தேய்ச்சு வெச்ச கதையும் இருக்கு. அவசரத்துக்குக் கோயில், வீடுன்னு வித்தியாசம் தெரியாது.

சாஸ்திரம் பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. கிரகப்பிரவேசம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இல்ல. அபூர்வம், சபூர்வம், துவந்துவம்னு மூணு வகை சொல்றாங்க. புது வீட்டுக்குள்ள முதல் தடவை போறது அபூர்வம், வெளியூர் போய் இருந்துட்டுத் திரும்பி வந்து நுழையறது சபூர்வம், தீயோ வெள்ளமோ பாதிச்ச வீட்டைச் சரிபண்ணிப் போறது துவந்துவம். பழைய வீட்டுக்குள்ள போறதுக்குக் கூடுதல் மாசங்கள் உண்டு, குரு சுக்கிர அஸ்தமனம்கூடக் கட்டாயமாப் பாக்க வேண்டியதில்லன்னு முகூர்த்த சிந்தாமணியிலேயே தளர்வு இருக்கு. உங்க குருக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. தை விட்டா கதியில்லன்னு பழைய வீட்டுக்கு யாரும் சொல்லல.

"வாடகையும் கட்டி லோனும் கட்டி எத்தன மாசம் காத்திருக்கிறது அண்ணே?" இதுதான் உண்மையான கஷ்டம், எனக்குத் தெரியும். காத்திருக்க வேணாம், குடி போயிடுங்க! கூரையப் பாருங்க முதல்ல, ஓடு நகந்திருக்கா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற தகரக் கால்வாய் ஓட்டையா, அங்கதான் பாதிப் பிரச்சனை. அடுத்து வயரிங். எரிஞ்சு போகாம இருக்கணுமே. கக்கூஸ், சமையல்கட்டு. கரையானுக்கு ஆள் கூப்பிட்டுப் பாருங்க. இது முடிஞ்சா ஒரு நல்ல காலையில பால் காய்ச்சி, சாமி விளக்கேத்தி உள்ள போயிடுங்க. சுவர் அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். ஒரு மழைக்காலம் அந்த வீட்டுக்குள்ள இருந்து பாருங்க. எந்த மூலையில தண்ணி வருது, எந்த ரூம் மத்தியானம் வேகுது, காத்து எங்கேர்ந்து வருதுன்னு வீடே சொல்லும். பிறகு ரூம் ரூமா சுண்ணாம்பு பூசுங்க. ஹோமத்தையும் ஊர்ச் சாப்பாட்டையும் அதுக்கப்புறம் வெச்சுக்கலாம். சொந்தக்காரங்க ஏதாவது பேசுவாங்க. மாசத் தவணைய அவங்களா கட்டப் போறாங்க?

1950, 60கள்ல சிமெண்டுலயே கட்டின வீடுன்னா நான் சொல்ற சுண்ணாம்புக் கதை பொருந்தாது. முதல்ல ஒரு மூலையில பூச்சச் சுரண்டிப் பாத்துக்குங்க. மர ஆள் வந்து "செங்கல் போச்சு"ன்னு சொன்னா பதறாதீங்க, சுவரா உத்தரமான்னு கேளுங்க. இங்க மலாய்ல அந்தப் பேர்ல ஒரு மரம் இருக்கு, நல்ல வைரம் பாஞ்ச மரம். பழைய உத்தரம் அதுலயா இருந்தா நுனி மட்டும் மாத்தினாப் போதும், முழுசா எடுக்க விடாதீங்க. மேல பாரப்பெட்டுல அரசங்கன்னு முளைச்சிருந்தா சாமின்னு கும்பிட்டு விட்டுடாதீங்க. வேர் சுவரப் பிளந்துடும். பக்குவமா எடுத்து மண்ணுல நடுங்க, புண்ணியம்தான்.

வாஸ்து. இதச் சொன்னா சிலருக்குப் பிடிக்காது. வீட்டு நடுவுல இருக்கிற ஏர்வெல்ல, நம்ம ஊர் முற்றம்தான் அது, மூடி மேல பாலிகார்பனேட் ஷீட் போடச் சொல்ற வாஸ்துக்காரர்கள் இருக்காங்க. வாஸ்துப்படியே நடுப்பகுதி பிரம்மஸ்தானம், அது திறந்து இருக்கணும். செட்டிநாட்டு வீட்டுக்கு நடுவுல வானம் தெரியும், இந்த வீட்டுக்கும் தெரியும். அத மூடினா சூடு, ஈரம், பூஞ்சக்காளான் மூணும் உள்ளயே தங்கும். பாரம்பரிய மண்டலத்துக்குள்ள வீடுன்னா முற்றத்தையும் படிக்கட்டையும் நினைச்ச மாதிரி மாத்தவும் முடியாது. 2016ல அரசிதழ்ல வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இருக்கு, மாநகர் கழக அனுமதி இல்லாம வேலை ஆரம்பிக்காதீங்க.

முன்ன இருந்தவங்க விட்டுட்டுப் போன சீனர் சாமி மேடை, வாசல்ல சிவப்புப் பெட்டி, இதப் பத்தி அடிக்கடி கேக்குறீங்க. தூக்கி லாரியில போடாதீங்க. வித்த குடும்பத்தக் கூப்பிடுங்க, அவங்க முறைப்படி எடுத்துக்குவாங்க. முடியலன்னா பக்கத்துச் சீனக் கோயில்ல கேளுங்க, சொல்லிக் கொடுப்பாங்க. அப்படியே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீட்டுக்காரங்களையும் பாத்துட்டு வாங்க. நடுச்சுவர் பொதுச்சுவர், உங்க உத்தரம் அவங்க சுவர்ல உக்காந்திருக்கு.

எதுக்கு இவ்வளவு எழுதுறேன்னா, டவுன்ல நம்ம குடும்பங்கள் எப்படிக் குறைஞ்சுதுன்னு பாத்தவன் நான். 1948 ஜனவரி 31க்குள்ள கட்டின கட்டடங்களுக்கு 1966 சட்டப்படி வாடகைக் கட்டுப்பாடு இருந்துச்சு. 1997ல சட்டத்த ரத்து செஞ்சாங்க, 2000 பிறந்ததும் கட்டுப்பாடு முழுசாப் போச்சு. கடைக்கு மேல்மாடியில தலைமுறையா வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணி எங்கெங்கயோ ஃபிளாட்டுக்குப் போனாங்க. சில வீட்ட அடைச்சு, கூட்டுக்காகப் பறவைக்கு விட்டாங்க. 2008 ஜூலை 7ல யுனெஸ்கோ பட்டியல் வந்த பிறகு ஹோட்டலும் காப்பிக்கடையும் வந்துச்சு. கட்டடம் பொழைச்சது, சந்தோஷம். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல விளக்கெரியிற நம்ம வீடு எத்தன? அதனால இப்ப ஒரு குடும்பம் கடன் வாங்கிப் பழைய வீட்ட வாங்கிக் குடிவருதுன்னா எனக்கு அது பெரிய விஷயம். ரெண்டு வருஷத்துல சுவர் உரிஞ்சு, மனசு விட்டு வித்துட்டுப் போயிடக் கூடாது.

ஹோமம் வைக்கும்போது மாடி மரத்தளத்துல வேணாம், கீழ முற்றத்துல வைங்க. குண்டத்துக்கு அடியில மணல் நல்லா கொட்டுங்க, பழைய ஓட்டுக்கல் சூட்டுல வெடிக்கும். புகையும் நேரா மேல போயிடும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் யாராவது உங்களுக்குப் பழக்கம்னா கீழ கமெண்டுல சொல்லுங்க, மூணு வீட்டுக்காரங்க என்கிட்ட கேட்டுட்டு இருக்காங்க. வீடு பாக்கப் போறப்ப கூட ஒரு ஆள் வேணும்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்குற இடத்துல இருப்பேன், வந்து பேசுங்க.