தூரத்தை நிர்ணயிப்பது யார்?

தில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கோ ஏறத்தாழ 1,580 கிலோமீட்டர்தான். தலைநகரிலிருந்து பார்த்தால் சென்னையைவிட தாஷ்கண்ட் அருகில் இருக்கிறது. நேர்வழியில் பறந்தால் சுமார் மூன்று மணி நேரப் பயணம். ஆனால், 2025 ஏப்ரல் இறுதியில் தாஷ்கண்ட், அல்மாட்டி நகரங்களுக்கான சேவையை இண்டிகோ நிறுவனம் நிறுத்தியது. தன்னிடமுள்ள விமானங்களால் அந்நகரங்களை எட்ட முடியாது என்பதே அது கூறிய காரணம்.

ஊர் நகர்ந்துவிடவில்லை, வழிதான் அடைபட்டது. பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றதைத் தொடர்ந்து இந்தியா மேற்கொண்ட நடவடிக்கைகளுக்குப் பதிலடியாக, ஏப்ரல் 24-ம் தேதி பாகிஸ்தான் தனது வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஏப்ரல் 30-ம் தேதி இந்தியாவும் பதில் தடை விதித்தது. வடக்கே இமயமும் காரகோரமும் குறுக்கே நிற்பதால், தில்லியிலிருந்து புறப்படும் இந்திய விமானம் அரபிக் கடல் வழியே சுற்றித்தான் மத்திய ஆசியாவை அடைய வேண்டும்.

இது புதிதல்ல. 2019-ல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை 16 வரை இதே நிலை நீடித்தது. ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலை 2 வரை ரூ. 491 கோடி இழப்பு என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இந்த ஆயுதத்தை நாமும் கையாண்டிருக்கிறோம். 1971-ல் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டபோது, பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வெளியில் பறக்க இந்தியா தடை விதித்தது. மேற்கு, கிழக்கு பாகிஸ்தான்களுக்கு இடையிலான விமானங்கள் இலங்கை வழியே சுற்றிச் சென்றன. வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 1976-ல்தான் வழி திறந்தது.

போர் மூளும் நாள்களில் வான்வெளியை மூடுவதை யாரும் குறை கூற இயலாது. ஆனால், 2025 மே 10-ம் தேதி சண்டை ஓய்ந்த பிறகும் பயணிகள் விமானங்களுக்கான தடை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டது ஏன்? இதனால் எந்தப் பயங்கரவாதியும் தண்டிக்கப்படவில்லை. மத்திய ஆசியாவில் மருத்துவம் பயிலும் நம் மாணவர்களும், தில்லி மருத்துவமனைகளை நாடி வரும் அந்நாட்டு நோயாளிகளும்தான் அல்லல்படுகிறார்கள். பிற நாட்டு விமானங்களுக்கு இத்தடை இல்லாததால், நம் நிறுவனங்களின் பயணிகள் அவற்றை நாடுகின்றனர்.

சண்டை நடக்கும் நாள்கள் தவிர மற்ற நாள்களில் பயணிகள் விமானங்களைத் தடுப்பதில்லை என்ற எழுத்துபூர்வமான உடன்பாட்டை இந்தியா முன்மொழிய வேண்டும். இது பாகிஸ்தானுக்குக் காட்டும் சலுகை அல்ல. மேற்கு நோக்கிப் பறக்கும் விமானங்கள் நம்மிடமே அதிகம்; இழப்பும் நமக்கே அதிகம்.

1965 போருக்குப் பின், 1966 ஜனவரி 10-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் உடன்பாட்டில் கையெழுத்திட்ட ஊர் இதே தாஷ்கண்ட்தான். போரால் தடைபட்டிருந்த வான்வழி அடுத்த மாதமே திறக்கப்பட்டது. அன்று முடிந்தது, இன்று முடியாதா?